முப்பத்தோராம் நாள்

கடித இலக்கம் 187
கரம்பொன், ஊர்காவற்றுறை
10 டிசெம்பர் 2023, ஞாயிற்றுக்கிழமை, காலை 5.40

அன்புள்ள தங்கை சிவக்கொழுந்துக்கு,

எழுபத்தெட்டு வயதுக்கு எவ்வளவு சுகம் தகுமோ அவ்வளவு சுகத்துடன் இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி என்பதைத் தவறாது எழுதுக. இவற்றைத் தொலைபேசியில் பேச எனக்கு விருப்பமில்லை. பேச்சுக்குத் திகதி கிடையாது. அத்துடன் இந்நாட்களில் எது யார் காதில் விழும் என்று சொல்வதற்கில்லை.

மச்சான் ஏரம்புவின் தமக்கை சறோஜினிதேவி ஒக்ரோபர் 28, சனிக்கிழமை காலமானதை இலக்கம் 186இல் அறிவித்திருந்தேன். ஈமக்கடன் முடிக்கும் அந்தியேட்டிக் கிரியை, முறைப்படி முப்பத்தோராம் நாளாகிய நவம்பர் 27, திங்கட்கிழமை நிறைவேறியது. வழக்கம்போல், வந்தோருக்கெல்லாம் கொடுப்பதற்கு நினைவுப் புத்தகமாகக் கல்வெட்டு அச்சிட்டோம். இருபத்துநாலு பக்கம், முந்நூறு பிரதி. மூன்றாம் பக்கத்தில் இறந்த ஆண்டு, மாதம், திதி ஆகியவற்றைக் கூறும் திதி வெண்பா என்னுடையது. ஒன்பதாம் பக்கத்துப் புலம்பல் ஏரம்புவினுடையது. அட்டையில் 'தொகுப்பு: ஏரம்பு' என்று போட்டார்கள். அதையும் குறித்து வைத்தேன்.

டிசெம்பர் 4, திங்கட்கிழமை, காலை 6.20க்கு அவனைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கொண்டுசென்றனர். காரணங்கள் இரண்டு. முதலாவது, போரில் மடிந்த இயக்கத்தவர்க்கு விளக்கேற்றும் நாளும் நவம்பர் 27 என்பதால், அந்நாளை வேண்டுமென்றே தெரிந்தெடுத்தான் என்பது. இரண்டாவது, 2007இல் மண்கும்பானில் வைத்துக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாத சறோஜினிதேவியின் மகனைக் குறித்து அவன் எழுதிய இவ்வரிகள்:

கொண்டுபோன பிள்ளையைக் கேட்டுக் கச்சேரி வாசலெல்லாம்
நின்றுபோன கால்களம்மா, நெருப்பிலேதான் ஆறினவோ.

இவை அரசுக்கு எதிராக மக்களைத் தூண்டுகின்றனவாம். மூன்று பத்திரிகைகள் 'தீவகக் கவிஞர் கைது' என்று தலைப்பிட்டுள்ளன. கூட்டுறவுக் கடையில் சீனி நிறுத்து இளைப்பாறியவன். எதுகை எது, மோனை எது என்று கேட்டால் சிரிப்பான். ஒரே இரவில் கவிஞனாகிவிட்டான். செய்தியாளர்கள் கல்வெட்டைப் புரட்டும்போது மூன்றாம் பக்கத்தைத் தாண்டித்தானே ஒன்பதுக்குப் போயிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

அவன் விரைவில் வெளிவர வேண்டும் என்பதே என் பிரார்த்தனை.

அன்புடன்,
அண்ணன் சிவகுரு

இணைப்பு:
1. கல்வெட்டு, பிரதி ஒன்று.
2. பத்திரிகை நறுக்குகள், மூன்று.


ஸ்காபரோ
தைப்பொங்கலுக்கு நாலைந்து நாள் முந்தி

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். முழங்கால் குளிருக்குக் குத்துகிறது, வேறொன்றுமில்லை. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

கல்வெட்டு கிடைத்தது. ஏரம்பு அத்தானின் புலம்பலை மேசையில் வைத்து வாசித்தேன். பிறகு எழும்ப முடியவில்லை. சறோ அக்கா மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு அரசாங்கக் கச்சேரி வாசலில் நின்ற நிற்பு கண்ணுக்குள் வந்தது. இங்கே ஊர்ச் சங்கத்தில் எல்லோரும் அந்த இரண்டு வரியைத்தான் பேசுகிறார்கள்.

அண்ணை, ஒன்று கேட்கவேண்டும். சறோ அக்காவின் மகள் நிமலினியோடு கதைத்தேன். அவள் சொன்னாள்: "அம்மா செத்தது விடியப்புறம், மாமி. ஏரம்பு மாமா அந்தியேட்டியை இருபத்தாறாம் திகதி வைப்பம் எண்டவர். பெரியப்பாதான் ஏலாது, இருபத்தேழுதான் எண்டு நிண்டவர்." அப்படியென்றால் நாள் குறித்தது அத்தான் இல்லை, நீங்கள். அதை நீங்கள் சட்டத்தரணியிடம் எழுதிக் கொடுத்தாலே வழக்கின் பாதி முடிந்துவிடாதா? நீங்கள் சமாதான நீதவான். உங்கள் கையெழுத்துக்கு மதிப்புண்டு.

அக்கா செத்தது எத்தனை மணிக்கு?

உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

தங்கை,
கொழுந்து


கடித இலக்கம் 188
கரம்பொன்
28 ஜனவரி 2024, ஞாயிற்றுக்கிழமை, மாலை 4.15

அன்புள்ள தங்கைக்கு,

திகதியிடப்படாத உன் கடிதம் நேற்று, 27ஆந் திகதி, முற்பகல் 11.30க்குக் கிடைத்தது. முத்திரைக் குறியைக் கொண்டு அது ஜனவரி 10இல் தபாலிடப்பட்டதென்று அறிந்தேன். திகதியில்லாக் கடிதம் நாளை எவருக்கும் சான்றாகாது. என் இரத்த அழுத்தம் 160/90. உன் முழங்காலுக்குச் சுடுநீர் ஒற்றடம் கொடுக்கவும்.

நிமலினி ஜனவரி 14, ஞாயிற்றுக்கிழமை, சட்டத்தரணியின் கடிதத்துடன் இங்கு வந்தாள்.

"பெரியப்பா, நாள் குறிச்சது நீங்கள் எண்டு ஒரு சத்தியக்கடதாசி தந்தால் காணும். பேந்து கூப்பிட்டால் மட்டும் கோட்டுக்கு வாங்கோ."

"கூப்பிட்டால் என்ன கேட்பினம்?" என்றேன்.

"ஏன் இருபத்தேழு எண்டு கேட்பினம். நீங்கள் எண்ணின மாதிரியைச் சொல்லுங்கோவன். உங்களுக்கு எண்ணத் தெரியாதா?"

"யோசிச்சுச் சொல்லுறன் பிள்ளை."

"மாமாவுக்குச் சீனி வருத்தம் கூடியிட்டுது. கெதியா யோசியுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்காமலே போனாள்.

நான் முப்பத்துமூன்று ஆண்டுகள் நீதிமன்றப் பதிவறையில் கடமையாற்றியவன். சாட்சிக் கூட்டில் ஏறுபவர் எவ்வாறு இறங்குவார் என்பதைப் பார்த்திருக்கிறேன். இச்சட்டத்தின் கீழ் இன்று சாட்சியாக ஏறுபவன் நாளை வேறு பெயரில் அழைக்கப்படவும் கூடும். ஆகவே அவசரப்படுவதற்கில்லை.

ஒன்பதாம் பக்கத்தை வாசித்து எழும்ப முடியாமல் இருந்தாய் என எழுதியிருக்கிறாய். மூன்றாம் பக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அச்சு மங்கலாக இருந்திருக்கக்கூடும் என்பதால் வெண்பாவை என் கையால் எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணன் சிவகுரு

இணைப்பு:
1. திதி வெண்பா, கைப்பிரதி.


ஸ்காபரோ
25.02.2024 (திகதி போட்டிருக்கிறேன், பாருங்கள்)

அன்புள்ள அண்ணைக்கு,

அழுத்தத்துக்குக் குளிசையை விடாமல் போடுங்கள். நாங்கள் சுகம்.

மூன்றாம் பக்கம் வாசித்தேன். நல்ல வெண்பா. உங்கள் வெண்பாவைக் குறை சொல்ல எனக்குத் தெரியுமா? ஆனால் அண்ணை, திதிக்கு அழுகிறவர் யார்?

ஊர்ச் சங்க மண்டபத்தில் அத்தானின் படத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். அவரை விடச்சொல்லி எண்ணூறு பேர் கையெழுத்து வைத்தார்கள். நானும் வைத்தேன். வைக்கும்போது பக்கத்திலிருந்தவர் கேட்டார்: "உங்கடை தமையனும் கல்வெட்டு எழுதிறவரெல்லே? அவர் ஒண்டும் சொல்லேல்லையோ?" நான் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தேன்.

நான் கேட்டவற்றுக்கெல்லாம் பதில் எழுதினீர்கள், ஒன்றைத் தவிர. எத்தனை மணிக்கு?

தங்கை,
கொழுந்து


கடித இலக்கம் 189
கரம்பொன்
17 மார்ச் 2024, ஞாயிற்றுக்கிழமை, காலை 9.05

அன்புள்ள தங்கைக்கு,

நலம். வெயில் கடுமை. கிணற்று நீர் இவ்வருடம் பன்னிரண்டு நாள் முன்னதாகவே உவர்த்துவிட்டது.

1982 ஓகஸ்ட் 9 தொடக்கம் இன்றுவரை நான் யாத்த திதி வெண்பாக்கள் 1,146. இந்தத் தீவில் அரைவாசிக் குடும்பங்கள் தம் பெற்றோருக்குத் திவசம் செய்வது நான் குறித்துக் கொடுத்த திதியில். அவற்றுள் ஒன்றுக்கேனும் எவரும் என்னைக் கைது செய்ய நினைத்ததில்லை. படம் பெரிதாக்கியதும் இல்லை. நாற்பத்தொரு ஆண்டுகள் தளை தட்டாமல் எழுதியவனை அரசும் கவனிக்கவில்லை, சங்கமும் கவனிக்கவில்லை. தளையே தெரியாதவனை இருவரும் கவனிக்கிறார்கள். இதைப் பொறாமை என்று நீ எண்ணுவாய். நான் கணக்கைத்தான் சொல்கிறேன்.

மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, அவனைப் பார்க்க யாழ்ப்பாணம் சென்றேன். சீனி சேராத பிஸ்கற் இரண்டு பைக்கற்றும் உடுக்க ஒரு சாரமும் கொண்டுபோனேன். சிறைச்சாலை வாசலில் பல்கலைக்கழக மாணவர் பதினைந்து பேர், படப்பிடிப்பாளர் இருவர், ஒரு வெளிநாட்டுப் பெண். எல்லோரும் அவனைப் பார்க்க வந்தவர்கள். ஒரு பெடியன் என்னைப் பார்த்து, "ஐயா, நீங்கள் கவிஞரின்ர சொந்தக்காரரோ?" என்று கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டுப் பத்து மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன். பிஸ்கற்றை நானே சாப்பிட்டேன்.

சட்டத்தரணிக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

அன்புடன்,
அண்ணன் சிவகுரு

இணைப்பு: இல்லை.


ஸ்காபரோ
20.06.2024

அன்புள்ள அண்ணைக்கு,

மார்ச் கடிதத்துக்கு நான் ஏப்ரலில் ஒன்றும் மே மாதத்தில் ஒன்றும் எழுதினேன். உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சுகமாக இருக்கிறீர்களென்று நிமலினி சொன்னாள். கோயில் தேருக்கு வந்தீர்களாம், அவளைக் கண்டு மற்றப் பக்கத்தால் போனீர்களாம்.

வழக்கு மேல் நீதிமன்றத்தில் தொடங்கிவிட்டது. அத்தானே கூட்டில் ஏறிச் சாட்சி சொல்லப்போகிறார். நாள் எண்ணிய கணக்கைச் சொல்லச் சாட்சி யாருமில்லை என்று சட்டத்தரணி கவலைப்படுகிறாராம். ஏழு வருடம், பத்து வருடம் என்றெல்லாம் சொல்கிறார்கள். அவருக்கு வயது எழுபத்தாறு.

ஒரு கையெழுத்து, அண்ணை.

கொழுந்து


கடித இலக்கம் 190
கரம்பொன்
15 செப்டெம்பர் 2024, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.00

அன்புள்ள தங்கைக்கு,

உன் மூன்று கடிதங்களும் (ஏப்ரல் 8, மே 19, ஜூன் 20) உரிய காலத்தில் கிடைத்தன. பதில் எழுதும் மனநிலையில் இருக்கவில்லை. உடல் நலம். உன் நலத்தை எழுதுக.

செப்டெம்பர் 10, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.10க்கு மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏரம்பு விடுதலை. நான் கடைசி வாங்கில் உட்கார்ந்து கேட்டேன். தீர்ப்பு நாற்பத்திரண்டு பந்திகள். நீதிபதி அம்மையார் நிதானமாக வாசித்தார். பேச்சுச் சுதந்திரம் அரசியலமைப்பு எல்லாப் பிரசைகளுக்கும் தந்தது. பாதுகாப்புச் சட்டம் எவ்வளவு கடுமையாயினும், வன்செயலைத் தூண்டும் சொல்லைத்தான் அது தொடலாம். பிள்ளையைத் தேடிய தாய்க்காகப் புலம்புவதைத் தொடலாகாது. 'துக்கப்படுவதற்கு எவரும் அனுமதி பெறவேண்டியதில்லை' என்றார். அத்துடன் ஏரம்புவின் இரண்டு வரிகளையும் தமிழிலேயே வாசித்துப் பின் மொழிபெயர்த்தார். எனக்குப் பக்கத்திலிருந்த பொலிஸ்காரர் தொப்பியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

நாளைப் பற்றியும் கூறினார். மரண அத்தாட்சிப் பத்திரத்தில் ஒக்ரோபர் 28 என்றிருப்பதால், அன்றிலிருந்து எண்ண முப்பத்தோராம் நாள் நவம்பர் 27. ஆகவே நாளில் சூழ்ச்சி எதுவுமில்லை. இது சரி. ஆனால் முப்பதாம் பந்தியைக் கேள்: 'குற்றஞ்சாட்டப்பட்டவர் நாளைக் கணித்து, இறந்த திதியையும் ஒரு வெண்பாவில் பதிந்துள்ளமை, இது மரபான சடங்கு என்பதைக் காட்டுகிறது.'

குற்றஞ்சாட்டப்பட்டவர் வெண்பா எழுதினாராம். என் வெண்பாவை. 1,147 வெண்பாக்களில் ஒன்றே ஒன்று ஒரு நீதிமன்றத் தீர்ப்பில் ஏறியது. அதுவும் அவன் பெயரில். புலம்பலுக்கு வந்த புகழ் அவனுக்குக் காணாதா?

அவன் வெளியே வந்தபோது மாலை போட்டார்கள். சனத்துக்கு மேலால் என்னைக் கண்டு கையைத் தூக்கினான். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் சங்கம் அவனுக்கு விழா எடுத்து மலர் வெளியிடுவதாக அறிகிறேன். அம்மலரில் 'திதி வெண்பாவை யாத்தவர் கரம்பொன் சிவகுரு' என்ற திருத்தம் இடம்பெற நீ ஆவன செய்ய வேண்டும். உண்மை பதிவில் இருக்கவேண்டும் என்பதன்றி வேறு நோக்கம் எனக்கில்லை.

அன்புடன்,
அண்ணன் சிவகுரு

இணைப்பு:
1. தீர்ப்பின் அத்தாட்சிப்படுத்திய பிரதி. (முப்பதாம் பந்தி சிவப்பு மையால் கோடிடப்பட்டுள்ளது.)
2. திருத்தக் குறிப்பு, தட்டச்சில்.


ஸ்காபரோ
08.10.2024

அண்ணைக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்கவேண்டும்.

நீங்கள் முப்பதாம் பந்திக்குச் சிவப்புக் கோடு போட்டு அனுப்பினீர்கள். நான் அடுத்த பந்தியையும் வாசித்தேன். அரச சட்டத்தரணி அத்தானைக் குறுக்கு விசாரணை செய்தது அதில் இருக்கிறது. நிமலினி அன்று அங்கே இருந்தவள், அப்படியே சொன்னாள்.

"ஆர் நாள் குறிச்சது?"

"நான்தான்."

"வேறை ஆரும் சொல்லித் தந்தவையோ?"

"ஒருத்தரும் இல்லை. நானே எண்ணினனான்."

"நீங்கள் இருபத்தாறு எண்டு முதல் சொன்னதாகக் கேள்வி."

"வயசு போனவனுக்கு ஆயிரம் நினைப்பு வரும், ஐயா. முடிவு என்ரைதான்."

சத்தியம் செய்துவிட்டு அவர் சொன்ன ஒரே பொய் அதுதானாம். உங்களைக் கூட்டுக்கு இழுக்காமல் விடுவதற்காக. அண்ணை, நீங்கள் வரவில்லை. அவர் உங்கள் நாளையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். அதோடு சேர்ந்து உங்கள் வெண்பாவும் அவர் பெயருக்குப் போய்விட்டது. இப்போது வெண்பாவை மட்டும் திருப்பிக் கேட்கிறீர்கள்.

திருத்தக் குறிப்பு என்னிடம் இருக்கிறது. சங்கத்துக்குக் கொடுக்கவில்லை. நாள் குறித்தது யார், ஏன் என்று நீங்களே எழுதினால் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பேன்.

நிமலினி ஆண்டுத் திவசத்துக்கு ஆயத்தம் செய்கிறாள். உங்கள் வெண்பாவில் பூரணை என்றிருக்கிறது. அதை நம்பி நவம்பர் 15 வைக்கலாமா என்று கேட்கிறாள். அத்தான் வாய் திறக்கிறாரில்லை.

கடைசியாகக் கேட்கிறேன். சறோ அக்கா செத்தது எத்தனை மணிக்கு?

கொழுந்து


கடித இலக்கம் 191
கரம்பொன்
3 நவம்பர் 2024, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 3.25

அன்புள்ள தங்கை சிவக்கொழுந்துக்கு,

உன் நலமே வேண்டுகிறேன். என் நலத்தைப் பற்றி இம்முறை எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

சறோஜினிதேவி காலமானது 2023 ஒக்ரோபர் 28, சனிக்கிழமை, அதிகாலை 2.10க்கு. நான் கட்டிலருகே நின்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அத்தாட்சிப் பத்திரத்துக்கு நள்ளிரவுடன் நாள் மாறும். சடங்குக்குச் சூரியோதயத்துடன்தான் மாறும். ஆகவே அவள் இறந்தது முதல் நாளாகிய வெள்ளிக்கிழமைக் கணக்கு. முப்பத்தோராம் நாள் நவம்பர் 26. பூரணை 28ஆந் திகதி விடிய 4.17க்கே தொடங்கியது. 2.10க்கு இருந்த திதி சதுர்த்தசி.

நாள் குறித்த அன்றே ஏரம்பு இதைச் சொன்னான். அடக்கமாகத்தான் சொன்னான். "மச்சான், விடிய முந்திப் போன சீவனெல்லோ. நாளொண்டு முன்னுக்கு வருமே" என்றான். முற்றத்தில் முப்பது பேர் இருந்தார்கள். அவனுடைய புலம்பலின் கையெழுத்துப் பிரதியை அப்போதுதான் ஒருவர் உரத்து வாசித்து முடித்திருந்தார், பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். என் வெண்பாவை எவரும் வாசிக்கவில்லை. எனக்கென்று மிஞ்சியிருந்தது நாள் ஒன்றுதான். அதிலும் அவன் கை வைக்கிறான் என்று தோன்றியது. "பத்திரத்திலை இருபத்தெட்டு எண்டிருக்கு. எனக்கு நாள் எண்ணப் படிப்பிக்க வேண்டாம்" என்றேன். அவன் விட்டுக்கொடுக்கும் முன்னரே அவன் சொன்னது சரியென்று எனக்குத் தெரியும். அதனால்தான் உரத்துப் பேசினேன்.

நவம்பர் 26 என்று வைத்திருந்தால் விசாரிக்க வந்தவர்களுக்கு முதலாவது காரணம் இருந்திராது. சாட்சிக் கூட்டில் ஏறினால் 'ஏன் இருபத்தேழு' என்ற கேள்விக்கு இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். சட்டத்துக்குப் பயந்து நான் போகாமல் விடவில்லை. நாற்பத்தொரு ஆண்டுகளில் நான் விட்ட ஒரே பிழையை அவன் முன்னிலையில் சொல்ல என்னால் ஏலாதிருந்தது. அவன் ஒன்பது மாதமும் ஆறு நாளும் உள்ளே இருந்தான்.

நேற்று, சனிக்கிழமை, காலை 10.15க்கு அவன் வீட்டுக்குப் போனேன். மெலிந்துவிட்டான். கதிரையைக் காலால் தள்ளிவிட்டான்.

"வாரும் மச்சான். இரும். பத்திரிகைக்காரர் எண்டு நினைச்சனான்."

"பூரணை இல்லை, சதுர்த்தசி" என்றேன்.

"அது தெரிஞ்ச விசயம்தானே."

"பேந்தேன் கோட்டிலை நான்தான் எண்டனீர்?"

"உம்மைக் கூப்பிட்டிருந்தால் நீர் இருபத்தேழுதான் சரியெண்டு நீதிபதியோடை வாதாடியிருப்பீர். என்ரை வழக்குப் பத்து வருசம் இழுபட்டிருக்கும்."

நிமலினி குசினிக்குள் அடுப்படியில் நின்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. முற்றத்தைப் பார்த்தபடி சொன்னான்:

"என்னை உள்ளுக்கு வைச்சிருந்தது சட்டம், மச்சான். அதுக்கு ஒரு தீர்ப்பு வந்திட்டுது. நீர் வராமல் இருந்தது சட்டத்தாலை இல்லை."

நான் எழுந்து வந்துவிட்டேன். வழி முழுவதும் அந்த வசனத்தை எண்ணிக்கொண்டே நடந்தேன். அதைவிடச் சிறப்பாக அதைச் சொல்ல முடியாது. அதுவும் அவன் வாயிலிருந்துதான் வந்தது. இந்த வயதிலும் எனக்கு அது பொறுக்கவில்லை என்பதை உன்னிடம் மறைத்துப் பயனில்லை.

கீழே உள்ளவற்றைச் சங்கத்திடம் ஒப்படைக்கவும். முன்னைய திருத்தக் குறிப்பைக் கிழித்துவிடவும்.

அன்புடன்,
அண்ணன் சிவகுரு

இணைப்பு:
1. நாளைக் குறித்தவனும், வெண்பாவை எழுதியவனும், இரண்டிலும் பிழை விட்டவனும் நானே என்ற சத்தியக்கடதாசி, மலரில் வெளியிடுவதற்கு.
2. சட்டத்தரணியின் 12.01.2024 திகதிய கடிதம், பதில் எழுதப்படாதது.
3. சமாதான நீதவான் பதவியிலிருந்து விலகும் கடிதத்தின் பிரதி.
4. திவச அறிவித்தல், நிமலினிக்காக நான் எழுதிக் கொடுத்தது: 'திதி சதுர்த்தசி. 14 நவம்பர் 2024, வியாழக்கிழமை. கணித்தவர்: ஏரம்பு.'